இலங்கையை நேராகப் பார்க்காத ஆன்டெனா

சென்ற சித்திரையில், திருப்புவனத்தில் இருக்கும் எங்கள் பழைய வீட்டின் மொட்டை மாடிக்குத் தட்டோடு பதிப்பதற்காகக் கொத்தனாரை வரவழைத்திருந்தேன். கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நிற்கும் இரும்புக் குழாயைக் கழற்றினால்தான் அந்த மூலையில் வேலை நடக்கும் என்று அவர் சொன்னார். குழாயில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு டிவி ஆன்டெனாக்கள் எதிரெதிர்த் திசைகளைப் பார்த்து நிற்கின்றன. கீழே இருப்பது கொடைக்கானலுக்கு. மேலே இருப்பது இலங்கைக்கு. கழற்றுவதற்கு முன்னால் அவை எந்தத் திசையில் நிற்கின்றன என்று குறித்துவைத்துக்கொள்ளத் தோன்றியது. கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து, ஒவ்வொரு ஆன்டெனாவின் நடுத்தண்டுக்கும் நேராகப் பிடித்துப் பார்த்தேன். கீழே இருந்தது 298 பாகையைக் காட்டியது. வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால் எங்கள் வீட்டிலிருந்து கொடைக்கானலின் திசை ஏறத்தாழ அதுவேதான். மேலே இருந்ததோ 153 பாகையைக் காட்டியது. இலங்கையின் அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினியின் ஒளிபரப்பு வந்த பீதுருதலாகலை மலை எங்கள் வீட்டுக்கு 139 பாகையில் இருக்கிறது. பதினான்கு பாகை விலகி, தேவைக்கு மேல் தெற்கே தள்ளி அது நின்றுகொண்டிருந்தது.

காற்றில் திரும்பியிருக்கும் என்றார் கொத்தனார். குரங்குகளின் வேலையாகவும் இருக்கலாம் என்றார். ஆனால் ஆன்டெனாவைக் குழாயோடு பிடித்துவைக்கும் இறுக்கி துருப்பிடித்துக் குழாயோடு ஒன்றாகவே ஆகிவிட்டிருந்தது. சுத்தியலால் நான்கு முறை தட்டிய பிறகும் அசையவில்லை. அதைப் பொருத்தியவர் எவ்வளவு கவனமான மனிதர் என்பதும் எனக்குத் தெரியும். அவர் தவறாக நிறுத்தியிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஒரு வாரம் இந்தப் பதினான்கு பாகை என்னை விடவே இல்லை. பிறகுதான் அந்தப் பங்குனி மாத மாலை முழுவதுமாக நினைவுக்கு வந்தது.

ஆற்றின் இரண்டு பக்கங்கள்

எங்கள் ஊரில் வைகை வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுகிறது. மாடியில் நின்று ஆற்றின் மேல்புறத்தைப் பார்த்தால் ஏறத்தாழ 95 கிலோமீட்டரில் கொடைக்கானல். கீழ்ப்புறத்தைப் பார்த்தால் மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம், அதற்கப்பால் கடல், கடலுக்கப்பால் இலங்கை. கொடைக்கானலில் தூர்தர்ஷனின் கோபுரம் கடல் மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் நிற்பதால், அதிலிருந்து வரும் அலை எங்களை எந்தத் தடையும் இல்லாமல் வந்தடைந்தது. பீதுருதலாகலை அதைவிட உயரம், 2,524 மீட்டர். ஆனால் தொலைவு 400 கிலோமீட்டருக்கு மேல். பூமியின் வளைவு இடையில் எழுந்து மறைத்துவிடும் தொலைவு அது. சாதாரண நாளில் அங்கிருந்து எதுவும் எங்களுக்கு வராது. பகல் வெயிலில் சூடேறிய நிலத்தின் காற்று, மாலையில் கடலின் மேல் உள்ள குளிர்ந்த ஈரக்காற்றின் மீது போர்வைபோலப் படியும் நாட்களில் மட்டும் அலை மேலே தப்பிப் போகாமல் வளைந்து, அந்த இரண்டு அடுக்குகளுக்கும் இடையே வாய்க்கால் நீர் போல ஓடி வரும். கடற்கரை ஊர்களில் இது அடிக்கடி நிகழும். எங்களுக்கு மாசி, பங்குனியில் காற்று அடங்கிய சில இரவுகளில்தான் கிட்டியது.

கொடைக்கானல் கோபுரம் வருவதற்கு முன்பே தென்மாவட்டங்களில் பலர் உயரமான குழாய்களை நட்டு, அலையைப் பெருக்கும் பூஸ்டர் வைத்து ரூபவாஹினி பார்த்த கதை எல்லோருக்கும் தெரிந்ததே. எங்கள் வீட்டுக்கு டிவி வந்தது அதற்குப் பிறகு, 1989-இல். அப்போது கொடைக்கானல் படம் தெளிவாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மகாபாரதத் தொடருக்குத் தெருவே எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடும். என் தந்தைக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. இலங்கை தேவைப்பட்டது அப்பத்தாவுக்கு.

அப்பத்தா நுவரெலியாவுக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். 1964-இல் ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது; அந்தக் கணக்கில் 1970-இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்கள் அப்பத்தாவும் என் தந்தையும். தாத்தா தோட்டத்திலேயே அடக்கமாகியிருந்தார். அப்பத்தாவின் தங்கை குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது. 1989-இல் அந்த நாடு இருந்த நிலையில் கடிதம் வருவது அரிதாகிப் போயிருந்தது. பீதுருதலாகலை நுவரெலியாவின் தலைக்கு மேலேயே நிற்கும் மலை. தாம் கொழுந்து பறித்த சரிவிலிருந்து நிமிர்ந்தால் தெரியும் அந்த மலையின் உச்சியிலிருந்து படம் வருகிறது என்று யாரோ சொன்னதை அப்பத்தா மனத்தில் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் என்னிடம் கேட்டார்: “ஏய்யா, அந்தக் கம்பிய ஒருநாளைக்கு இங்கிட்டுத் திருப்பி வச்சா வராதா?”

இங்கிட்டு என்று அவர் கை காட்டியது மிகச் சரியாகத் தென்கிழக்கு.

முறுக்கிக் கட்டிய வயர்கள்

திருப்பி வைக்கலாம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் மாடியேறி இறுக்கியைத் தளர்த்தி, குழாயைத் திருப்பி, பிறகு மீண்டும் கொடைக்கானலுக்குக் கொண்டுவருவது நடைமுறையில் சாத்தியமில்லை. இரவு எட்டு மணிக்கு இலங்கைக்குத் திருப்பியதை மறந்துவிட்டு மறுநாள் ஞாயிறு காலையில் தெருவே வந்து உட்கார்ந்த பிறகு படம் வராமல் போனால், அதற்கு அப்பா பொறுப்பாக மாட்டார். நான் அப்போது பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் வேறு வழி எனக்குத் தெரியும் என்று நம்பினேன்.

நாம் எல்லோரும் மீன்முள் என்று சொன்ன அந்த ஆன்டெனாவை 1926-இல் ஜப்பானைச் சேர்ந்த யாகி, உடா என்ற இருவர் உலகுக்கு அளித்தார்கள். அதில் வயர் இணைக்கப்படுவது ஒரே ஒரு கம்பியில்தான். மற்றவை எதனோடும் இணைக்கப்படாமல் வெறுமனே நிற்பவை. வயர் இணைந்த கம்பிக்குப் பின்னால் சற்று நீளமான ஒரு கம்பி இருக்கும். முன்னால் சற்றுக் குட்டையான சில கம்பிகள் வரிசையாக இருக்கும். நீளத்தில் உள்ள இந்தச் சிறு வேறுபாடு ஒவ்வொரு கம்பியிலும் அலை சற்று முந்தியோ பிந்தியோ எழும்படி செய்கிறது. அதன் விளைவாக முன்னாலிருந்து வருவது கூடிப் பெருகுகிறது, பின்னாலிருந்து வருவது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தேய்கிறது. பின்னால் உள்ள நீளக் கம்பியைக் கழற்றிவிட்டால் ஆன்டெனா இரண்டு பக்கமும் பார்க்கும் என்று ஒரு நண்பன் சொன்னான். முன்கம்பிகளையும் சேர்த்துக் கழற்றினால் அது உண்மைதான். தனிக் கம்பி முன்னும் பின்னும் சமமாகவே வாங்கும். ஆனால் அப்போது பெருக்கம் போய்விடும். 400 கிலோமீட்டர் கடந்து வரும் அலைக்குப் பெருக்கம்தான் உயிர். அந்த யோசனையை உடனே ஒதுக்கினேன்.

என் யோசனை இரண்டு ஆன்டெனாக்களை வைத்து, இரண்டின் வயர்களையும் ஒன்றாக இணைத்துவிடுவது. இரண்டு கண்களும் இரண்டு பக்கம் பார்க்க, டிவியில் சேனலை மட்டும் மாற்றினால் போதும் என்பது என் கணக்கு. ஆறு மாதம் சேர்த்த பணத்தில் மதுரை நகரில் ஒரு ஆன்டெனாவும் ஒரு பூஸ்டரும் வாங்கிவந்து, மேலே இலங்கையைப் பார்க்கக் கட்டி, இரண்டு தட்டை வயர்களையும் முறுக்கிச் சேர்த்தேன். அன்று மாலை இலங்கை வரவில்லை. அதைவிடப் பெரிய துயரம், கண்ணாடிபோல் வந்துகொண்டிருந்த கொடைக்கானல் படத்தில் புள்ளியடிக்கத் தொடங்கியது. அப்பா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மறுநாள் அப்பத்தாவே, “இருந்தது இருந்தபடி இருக்கட்டும்யா, கழட்டிரு” என்றார்.

ஏன் அப்படி ஆனது என்பதை இன்று தெளிவாகச் சொல்ல முடிகிறது. இரண்டு ஆன்டெனாக்களை ஒரே வயரில் சேர்த்தால் அவை ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து இருப்பதில்லை. ஒன்று வாங்கிய அலையின் ஒரு பகுதி மற்றொன்றின் வழியாக வானத்துக்கே திரும்பிப் போய்விடும். முறையான இணைப்பியைப் போட்டாலும் ஒவ்வொரு பக்கத்துச் சக்தியிலும் பாதியை அது விழுங்கும்; நான் முறுக்கிக் கட்டியதில் வயர்களின் மின்மறிப்பும் (அலைக்கு வயர் காட்டும் எதிர்ப்பு) பொருந்தாமல் போனதால் இழப்பு அதற்கு மேலேயே இருந்திருக்கும். கொடைக்கானலின் அலை இரண்டு ஆன்டெனாக்களின் வழியாகவும் வந்தது: ஒன்றின் முகத்தில், மற்றொன்றின் முதுகில். இரண்டு வயர்களின் நீளமும் வேறு என்பதால் இரண்டும் ஒரே தாளத்தில் வந்து சேரவில்லை. சேருமிடத்தில் ஒன்று மற்றொன்றைத் தின்றது.

பூஸ்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்நாளில் எல்லோரும் அதைத்தான் தெய்வமாக நம்பினார்கள். பூஸ்டருக்கு வேண்டியது, வேண்டாதது என்ற பாகுபாடு கிடையாது. தன் வாயில் விழும் எல்லாவற்றையும் பெருக்கும். பக்கத்துக் கோபுரத்தின் வலுவான அலை அதற்குள் நுழைந்துவிட்டால், அதைப் பெருக்குவதிலேயே மூச்சு முட்டிப்போய், கூடவே வரும் மெல்லிய அலையை நசுக்கிவிடும். அந்த நிலையில் இன்னும் சக்தி வாய்ந்த பூஸ்டர் வாங்கினால் நிலைமை மோசமாகத்தான் ஆகும். கடைக்காரர் எனக்கு அதைத்தான் சிபாரிசு செய்தார்.

கெட்டுப்போகும் வரை திருப்புவது

எங்கள் கடைத்தெருவில் ரேடியோ பழுதுபார்க்கும் ஒருவர் இருந்தார். முறையாகப் படித்தவர் அல்லர். மண்டபம் முகாமில் சில காலம் இருந்தபோது ரேடியோ வேலை கற்றுக்கொண்டவர் என்று சொல்வார்கள். அவரும் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம்தான். அப்பத்தா அவரிடம் எதற்காகவோ பேசிக்கொண்டிருந்தபோது நான் செய்த வேலையைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். பங்குனி மாதத்தில் ஒரு மாலை, அழைக்காமலேயே வீட்டுக்கு வந்தார். டிவியின் பக்கமே போகவில்லை. நேராக மாடியேறி, முறுக்கிய வயர்களைப் பிரித்து, இரண்டையும் தனித்தனியாகக் கீழே இறக்கினார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய சுவிட்சை எடுத்தார். தட்டை வயரில் இரண்டு கம்பிகள் உண்டு. ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றொன்றின் வழியாக அடுத்த ஆன்டெனா ஒட்டிக்கொண்டே இருக்கும். அதனால் இரண்டு கம்பிகளையும் ஒரே தட்டில் மாற்றும் வகையைக் கொண்டுவந்திருந்தார். மேல்பக்கம் தட்டினால் கொடைக்கானல், கீழ்ப்பக்கம் தட்டினால் இலங்கை. ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். பூஸ்டரை டிவிக்குப் பக்கத்திலிருந்து எடுத்து, குழாயின் உச்சியில் இலங்கை ஆன்டெனாவின் வாயிலேயே கட்டினார். மெல்லிய அலை நீண்ட வயரில் இறங்கி வரும்போதே பாதி தேய்ந்துவிடும். தேய்ந்த பிறகு பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்துதான் பெருகும். இரண்டு ஆன்டெனாக்களுக்கும் நடுவே ஓர் ஆள் கை நீட்டும் அளவுக்கு இடைவெளி விட்டார். நான் அவற்றை ஒரு சாண் இடைவெளியில் கட்டியிருந்தேன். அவ்வளவு நெருக்கத்தில் ஒன்றின் கம்பிகள் மற்றொன்றின் கம்பிகளாகவே நடந்துகொள்ளும்.

இவை எல்லாம் நல்ல தொழிலாளி எவரும் செய்திருக்கக்கூடியவை. அதன் பிறகு அவர் செய்ததைத்தான் நான் அதுவரை பார்த்ததில்லை. சுவிட்சை இலங்கைப் பக்கம் தட்டச் சொன்னார். டிவியை மட்டும் கொடைக்கானல் சேனலிலேயே வைக்கச் சொன்னார். ஏதோ மறந்து சொல்கிறார் என்று நினைத்து, “அண்ணே, இலங்கை சேனல் அது இல்ல” என்றேன்.

“தெரியும் தம்பி. நீ கீழ போயி, படம் நல்லாருக்குன்னு சொல்லாத. எப்பக் கெட்டுப்போகுதோ அப்பச் சொல்லு.”

மாடியிலிருந்து “வருதா, வருதா” என்று கத்துவதும் கீழிருந்து “இன்னும் கொஞ்சம், போச்சு, போச்சு” என்று கத்துவதும் அந்தக் காலத்தில் எல்லா வீடுகளிலும் உண்டு. அன்று எங்கள் வீட்டில் அது தலைகீழாக நடந்தது. இலங்கையைப் பார்க்கும் ஆன்டெனாவின் முதுகு வழியாகக் கொடைக்கானல் படம் நன்றாகவே வந்துகொண்டிருந்தது. அவர் மெல்லத் திருப்பத் திருப்ப அது மங்கி, புள்ளியடித்து, உருவங்கள் கரைந்து, ஓரிடத்தில் முற்றிலும் மறைந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பியபோது மீண்டும் தலைகாட்டியது. மறைந்த இடத்துக்கே திரும்பக் கொண்டுவந்து, அங்கே இறுக்கியை முறுக்கினார். கீழே இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “வேணுங்கிறதப் பாத்துத் திருப்பினா அது வராது தம்பி. வேணாங்கிறதப் பாத்துத் திருப்பணும்.”

அன்று நான் அதைத் தொழில்காரர்களின் கைப்பழக்கம் என்று எடுத்துக்கொண்டேன். திசைகாட்டியில் 153-ஐப் பார்த்த பிறகுதான் அதன் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். யாகி ஆன்டெனாவின் முகம் கூர்மையானதல்ல. அலையை அது நன்றாக வாங்கும் பரப்பை மடல் என்பார்கள்; முன்பக்க மடல் 50, 60 பாகை அகலம் உடையது. அதன் நடுவிலிருந்து பதினான்கு பாகை விலகினால் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குகூடக் குறையாது. இலங்கை தரப்பில் இழப்பு அவ்வளவுதான். ஆனால் முதுகுப் பக்கம் அப்படி இல்லை. நேர் பின்னால் ஒரு சிறு மடல் எழுந்து நிற்கும். அதன் இருபுறமும் ஆன்டெனாவுக்குக் காதே கேட்காத பள்ளங்கள் இருக்கும். மடலிலிருந்து பள்ளத்துக்குப் போனால் பத்து மடங்கோ அதற்கு மேலோ குறையும். இலங்கையை நேராகப் பார்க்கும்படி நிறுத்தியிருந்தால் கொடைக்கானல் அந்த மடலின் சரிவில் விழுந்திருக்கும். பதினான்கு பாகை தெற்கே தள்ளியதும் அது பள்ளத்தில் போய் விழுந்தது. பூஸ்டருக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. பாகைமானியும் இல்லாமல், வரைபடமும் இல்லாமல், கெட்டுப்போகும் படம் ஒன்றையே கருவியாக வைத்துக்கொண்டு அவர் அந்த இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். ஆன்டெனா விளம்பரங்கள் எல்லாம் அது எவ்வளவு தொலைவிலிருந்து வாங்கும் என்பதையே சொல்லின. எதை வாங்காமல் விடும் என்று எவரும் எழுதியதில்லை. எதிரெதிர்த் திசைகளில் இரண்டு நிலையங்கள் உள்ள வீட்டில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

அவர் வேலை முடித்துப் போன அன்று இலங்கை வரவில்லை. மறுநாளும் இல்லை. நான்காம் நாள் இரவு, வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையாத புழுக்கத்தில், சுவிட்சைக் கீழே தட்டியதும் புள்ளிகளுக்கு நடுவே ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. பிறகு குரலும் வந்தது. சிங்களத்தில் செய்தி. வெளியே கட்டிலில் படுத்திருந்த அப்பத்தாவைக் கைபிடித்து அழைத்துவந்தேன். அவர் டிவிக்கு மிக அருகில் தரையில் உட்கார்ந்து, முகத்தைச் சற்றுத் திருப்பிக் காதைக் கொடுத்துக் கேட்டார். படத்தை அவர் பார்க்கவே இல்லை. முடிவில் வானிலை சொன்னார்கள் போலும். நுவரெலியா என்ற சொல் எனக்கும் கேட்டது. அப்பத்தா அப்பாவின் பக்கம் திரும்பி, “அங்கிட்டு மழையாம்டா” என்றார். அப்பா எழுந்து வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இருபது ஆண்டுகளாக அந்த நாட்டைப் பற்றி வீட்டில் ஒரு சொல்லும் பேசாதவர், “பங்குனில பெய்யுமா?” என்று கேட்டார். “பெய்யும்” என்றார் அப்பத்தா. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்துப் படம் கரைந்து போனது. அதற்குப் பிறகும் இருவரும் வெறும் புள்ளிகளின் முன்னால் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் பங்குனியில் மொத்தம் ஏழு இரவுகள் வந்தது. அடுத்த ஆண்டும் சில இரவுகள். பிறகு கேபிள் வந்தது. பாம்பன் தீவில் தூர்தர்ஷனின் 323 மீட்டர் கோபுரம் எழுந்தது. எங்கள் வீட்டிலிருந்து அது கொடைக்கானலுக்கு நேர் எதிர்த் திசை. அதைப் பிடிக்க முயன்று பார்க்கும் ஆர்வம் அப்போது வீட்டில் எவருக்கும் இல்லை. 2022-க்குள் நாட்டில் தூர்தர்ஷனின் பழைய அனலாக் கோபுரங்கள் பெரும்பாலும் நின்றுபோயின. கொடைக்கானல் இன்று எங்களுக்கு 100.5 எஃப்எம் வானொலியாக மட்டும் வருகிறது.

கொத்தனார் ஓடு பதித்து முடித்ததும், குழாயைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டார். நட்டுவிடுங்கள் என்றேன். அடியில் நீர் தேங்காமல் சாய்வாக ஒரு சிமெண்டு மேடை கட்டி, குழாயை அதே மூலையில் நிறுத்தினார். இறுக்கி கழன்று வராததால் மேல் ஆன்டெனா குழாயோடு சேர்ந்தே இறங்கியிருந்தது, சேர்ந்தே ஏறியது. குழாயைத் திருப்பிக்கொண்டே, “இது எங்கிட்டுப் பாக்கணும் சார், இலங்கைக்கா?” என்று கேட்டார். கைப்பேசியைத் தண்டுக்கு நேராகப் பிடித்து, 153 வரும் வரை திருப்பச் சொன்னேன்.